தொட்டிலும் தலைப்புச் செய்தியும்

மக்கள் நலவாழ்வு குறித்து அரசு எடுக்கும் முடிவுகள் மருத்துவ ஆய்வுகளிலிருந்து மட்டும் பிறப்பதில்லை. பல வேளைகளில் பத்திரிகைச் செய்தியே அவற்றுக்குக் காரணமாகிறது. எனவே செய்தி எதைப் பார்த்தது, எதைப் பார்க்கத் தவறியது என்பது அரசு கொண்டுவரும் திட்டத்திலும் பதிந்துவிடுகிறது. இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. உசிலம்பட்டியில் தொடங்கித் திருவண்ணாமலை வரை நீளும் பெண் சிசுக்கொலை பற்றிய இதழியலின் வரலாறே போதுமானது.

உசிலம்பட்டிச் செய்தி

மதுரை மாவட்டத்து உசிலம்பட்டி வட்டாரத்தில் பிறந்த பெண் குழந்தைகள் கொல்லப்படுவதை 1985 டிசம்பரில் ஜூனியர் விகடன் வெளிக்கொணர்ந்தது. 1986 ஜூனில் இந்தியா டுடே இதழ், எஸ்.எச். வெங்கடரமணி எழுதிய நீண்ட கட்டுரையை முகப்புச் செய்தியாக வெளியிட்டது. நாடே அதிர்ந்தது. ஊரறிந்த இரகசியம் ஒன்று முதன்முறையாக அரசு பதில் சொல்லவேண்டிய கேள்வியாக மாறியது. இதழியல் இங்கு ஆற்றிய தொண்டை எவரும் மறுக்க இயலாது.

ஆயினும் அச்செய்தி கையாண்ட கணக்கைச் சற்று நின்று பார்க்கவேண்டும். பத்தாண்டுகளில் சுமார் 6,000 பெண் குழந்தைகள் கொல்லப்பட்டிருக்கலாம் என்று இந்தியா டுடே மதிப்பிட்டது. பெண் குழந்தையைப் பெற்றவர்கள் அரசு மருத்துவமனையைவிட்டு உடனே சென்றுவிடுகிறார்கள் என்பதும், அப்படிச் செல்லும் குழந்தைகளில் பெரும்பாலானவை உயிரோடு இருப்பதில்லை என மருத்துவமனை வட்டாரத்தினர் கருதியதும் அம்மதிப்பீட்டின் அடிப்படைகளாக இருந்தன. மருத்துவமனையைவிட்டுச் சென்றதும் மரணமும் ஒன்றல்ல. வீடுவீடாகச் சென்று பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்து பெற்ற எண் அன்று. கொடுமை உண்மை, அதன் அளவு ஊகம். இவ்விரண்டும் வாசகர் மனத்தில் ஒன்றாய்க் கலந்துவிட்டன.

இன்னொன்றும் நிகழ்ந்தது. இது ஓர் ஊரின் வழக்கம், ஒரு சாதியின் வழக்கம் என்ற எண்ணம் வேரூன்றியது. ‘உசிலம்பட்டி’ என்ற பெயரே குற்றத்தின் பெயராயிற்று. மற்ற ஊர்கள் நிம்மதியாக மூச்சுவிட்டன.

அமைதியாக வந்த ஆய்வு

அந்த நிம்மதிக்கு ஆதாரமில்லை என்பதை வேறொரு வகை எழுத்து காட்டியது. அன்றைய வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டத்தின் கே.வி. குப்பம் ஒன்றியத்தில் 12 கிராமங்களின் பிறப்புகளைச் சாபு ஜார்ஜ், ராஜரத்தினம் ஏபெல், பி.டி. மில்லர் ஆகியோர் சில ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தனர். அவர்களது கட்டுரை 1992இல் எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் வெளிவந்தது. 12 கிராமங்களில் 6இல் பெண் சிசுக்கொலை நிகழ்ந்திருந்தது. எஞ்சியவற்றில் நிகழவில்லை. கொல்லப்பட்டவை என உறுதிசெய்யப்பட்ட குழந்தைகள் 19. அனைத்தும் பெண்.

6,000 என்ற எண்ணோடு ஒப்பிட 19 சிறியது. ஆயினும் அது ஒவ்வொன்றாக எண்ணப்பட்டது. அடுத்தடுத்த கிராமங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டையும் சொன்னது. மதுரைக்கு வெகு வடக்கே, திருவண்ணாமலை 1989இல் தனி மாவட்டமாகப் பிரிவதற்குமுன் அங்கம் வகித்த அதே பழைய வட ஆர்க்காட்டில், இக்கொடுமை உண்டு என்பதை அது நிறுவியது. இத்தகைய ஆய்வுக்கு முகப்புப் படம் கிடைப்பதில்லை.

கொள்கையில் பதிந்த சாயல்

1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசின் தொட்டிலில் விட்டுச் செல்லலாம் என்பது ஏற்பாடு. பெண் குழந்தைக்கு வைப்புத்தொகை வழங்கும் திட்டமும் அதே காலத்தில் வந்தது. ஒருபுறம் சில தாய்மார்கள் மீது கொலை வழக்குகள் தொடுக்கப்பட்டன.

தொட்டில் பல உயிர்களைக் காத்தது. அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையன்று. ஆயினும் திட்டத்தின் வடிவத்தைக் கவனியுங்கள். செய்தியில் இருந்தது ஏழைத் தாய், பிறந்த குழந்தை, குறிப்பிட்ட ஊர். திட்டத்திலும் இருந்தவை அவையே. செய்தியில் தந்தை இல்லை; வரதட்சிணை கேட்கும் குடும்பம் இல்லை; மருத்துவரும் இல்லை. தண்டனைக்கு உள்ளானவர்களில் தாயே முன்நின்றார்.

பின்னர் வந்த சில முயற்சிகள் பரந்த பார்வை கொண்டிருந்தன. ஆரம்ப சுகாதார நிலையங்களின் இறப்புப் பதிவேடுகளைக் கொண்டு ஷீலா ராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் 1997இல் வெளியிட்ட கட்டுரை, சிக்கல் எந்தெந்த ஒன்றியங்களில் செறிந்துள்ளது என்று காட்டியது. அடுத்த ஆண்டு தர்மபுரி மாவட்டத்தில் டேனிடா உதவியுடன் கலைப்பயணக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று பெண் குழந்தையின் உரிமையை நாடகமாக நடித்துக் காட்டின. 2001 கணக்கெடுப்பில், ஆறு வயதுவரையுள்ள 1,000 ஆண் குழந்தைகளுக்குத் தர்மபுரியில் 826 பெண் குழந்தைகளும் சேலத்தில் 851 பெண் குழந்தைகளுமே இருந்தனர். 2011இல் இரு மாவட்டங்களும் 900ஐத் தாண்டின. பல முயற்சிகள் சேர்ந்து விளைந்த முன்னேற்றம் இது.

திருவண்ணாமலையின் எண்

அதே பத்தாண்டுகளில் திருவண்ணாமலை மாவட்டம் எதிர்த்திசையில் சென்றது. 2001இல் 948ஆக இருந்த குழந்தைப் பாலின விகிதம் 2011இல் 930ஆக இறங்கியது. தமிழகம் முழுமைக்குமான எண்ணோ 942இலிருந்து 943ஆக, ஏறத்தாழ அசையாமல் நின்றது. மாநிலச் சராசரியை மட்டும் எழுதும் செய்தியாளருக்கு இங்கே செய்தியே இல்லை. தர்மபுரியின் ஏற்றமும் திருவண்ணாமலையின் இறக்கமும் அச்சராசரிக்குள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன.

கார்த்திகைத் தீபத்துக்கும் பௌர்ணமிக் கிரிவலத்துக்கும் பெருங்கூட்டம் திரளும் ஊர் அது. செய்தியாளர்களும் படக்கருவிகளும் அங்குக் குறைவில்லை. ஆயினும் ஓர் எண் இறங்குவதைப் படம் பிடிக்க இயலாது.

2011 கணக்கெடுப்புக்குப்பின் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலை ஆகிய மாவட்டங்களுக்கு நீட்டித்தது. எண்ணைக் கவனித்தது பாராட்டுக்குரியது. ஆனால் தீர்வு 1986இன் செய்தியிலிருந்து வந்தது. அதற்குள் கொடுமை பிறப்புக்குப் பின்னிருந்து பிறப்புக்கு முன்னே நகர்ந்திருந்தது. கருவிலேயே அழிக்கப்பட்ட குழந்தையை எந்தத் தொட்டிலும் ஏந்த முடியாது.

2018 டிசம்பரில், திருவண்ணாமலையில் மருத்துவக் கல்வி பெறாத ஒருவர் ஸ்கேன் கருவி வைத்துக் கருவின் பாலினத்தைச் சொல்லிக் கருக்கலைப்பும் செய்துவந்ததாகக் கைது செய்யப்பட்டார். இதே குற்றச்சாட்டில் அவர் முன்பும் பிடிபட்டவர் என்று நாளேடுகள் எழுதின. ஆயிரக்கணக்கான கருக்கலைப்புகள் என்ற எண் தலைப்பாயிற்று. அவரிடம் பெண்களை அனுப்பியவர் யார், கருவி எங்கிருந்து வந்தது, முந்தைய வழக்கு என்னவாயிற்று என்பவைதாம் கொள்கையைத் திருத்தக்கூடிய கேள்விகள். கைதான நாளோடு முடிந்துவிடும் செய்தியில் இவற்றுக்கு விடை கிடைக்காது.

சட்டத்தில் வழி இல்லாமலில்லை. பாலினத் தெரிவைத் தடைசெய்யும் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்தது. அது ஏட்டளவில் நிற்கிறது என்று 2000இல் உச்சநீதிமன்றம் சென்றவர்களுள் கே.வி. குப்பத்தில் ஆய்வு செய்த அதே சாபு ஜார்ஜும் ஒருவர். நீதிமன்ற ஆணைகளின் தொடர்ச்சியாகச் சட்டம் திருத்தப்பட்டு 2003இல் அமலாயிற்று. கர்ப்பிணிக்குச் செய்யப்படும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எஃப் படிவம் நிரப்பப்பட வேண்டும். அப்படிவங்களையும் மருத்துவமனைவாரியான பிறப்புப் பதிவுகளையும் ஒப்புநோக்கி எழுதப்படும் ஒரு பக்கம், நூறு கைதுச் செய்திகளைவிடப் பயன் தரும். மொத்த எண்ணைக் கேட்பதோடு நில்லாமல், முதல் குழந்தை பெண்ணாக இருந்த குடும்பங்களில் இரண்டாவது பிறப்பு எப்படி அமைந்தது என்றும் கேட்கவேண்டும்.

நமக்கும் உரிய கேள்வி

பெண் குழந்தையை உயிரோடு புதைத்த அறியாமைக்கால வழக்கத்தைத் திருக்குர்ஆன் கண்டித்த விதம் வாசகர்கள் நன்கறிந்தது. மறுமையில் அக்குழந்தையிடமே விசாரணை தொடங்கும் என்பது அதன் எச்சரிக்கை. ஆகவே இச்சிக்கல் நம்முடையதன்று என்ற மனநிறைவு நம்மிடையே உண்டு. கணக்கெடுப்பு அதற்கு முழுமையாக இடம் தரவில்லை. இந்திய முஸ்லிம்களிடையே குழந்தைப் பாலின விகிதம் 2001இல் 950, 2011இல் 943. நாட்டின் சராசரியான 919ஐவிட இது மேலானதுதான். ஆயினும் இறங்கியிருக்கிறது. ‘அது உசிலம்பட்டியில்’ என்று பிற ஊர்கள் எண்ணியதற்கும், ‘அது பிறர் வீட்டில்’ என்று நாம் எண்ணுவதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

நல்ல நலவாழ்வுச் செய்தி, எண்ணையும் அந்த எண் எப்படிப் பெறப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லும். சராசரிக்குள் புகுந்து மாவட்டத்தையும் ஒன்றியத்தையும் பார்க்கும். தாயின் பெயரை அச்சிடுமுன் மருத்துவரின் பங்கை விசாரிக்கும். அடுத்த ஆண்டும் அதே ஊருக்குத் திரும்பிச் செல்லும். அத்தகைய செய்தியை எழுத இதழாளர் முன்வரவேண்டும். அதைக் கேட்டு வாங்கும் வாசகரும் வேண்டும்.