விரையும் ஒலி

பொருநையாறு கடலொடு கலக்கும் முகத்தில் அமைந்தது புன்னைக்காயல். முத்துக்குளித்துறைப் பட்டினங்களுள் ஒன்றாகிய இவ்வூரில் 16ஆம் நூற்றாண்டில் நெடுங்காலம் வாழ்ந்தவர், போர்ச்சுகல் நாட்டினின்று வந்த அண்டிரிக் அடிகளார். தமிழைக் கற்றுத் தேர்ந்து, அதற்குப் போர்த்துக்கேய மொழியில் இலக்கணமும் எழுதிய அவர், 1600ஆம் ஆண்டில் இவ்வூரிலேயே காலமானார். மொழி பயிலத் தொடங்கியவர் தம் எதிரே பேசுவோரை நோக்கி, ‘சற்றே மெல்லச் சொல்லுங்கள்’ என்று வேண்டிக்கொள்ளலாம். பதிவு செய்த ஒலியிடம் அங்ஙனம் வேண்டுதல் கூடுமோ எனின், இக்காலத்தில் கூடும். மெல்லவும் ஓட்டலாம், விரைவாகவும் ஓட்டலாம்.

ஒரு மணி நேரச் சொற்பொழிவின் காணொளியை ஒன்றரை மடங்கு விரைவில் ஓட்டினால் 40 நிமிடத்தில் முடியும். இரு மடங்காயின் 30 நிமிடமே. காட்சியைப் பொறுத்தவரை இதில் அருமை ஒன்றும் இல்லை. காணொளி என்பது நொடிக்கு 25 அல்லது 30 நிலைப்படங்களின் வரிசையாகலின், ஒன்று விட்டு ஒன்றைக் காட்டினால் போதும். கண் அதனைப் பொறுத்துக்கொள்ளும், செவியோ பொறாது.

நிமிடத்திற்கு 33⅓ சுற்றுச் சுழலவேண்டிய இசைத்தட்டை 78 சுற்றில் ஓட்டினால், முதியவர் பேச்சும் கிளியின் கீச்சுக்குரலாகிவிடும். ஆடவர் பேசும்பொழுது குரல்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 150 முறை அதிர்கின்றன. தட்டின் விரைவு மிகுந்தால் அவ்வதிர்வும் அதே அளவில் மிகும்; குரல் மேலேறிவிடும். ஆயின், தேர்ந்த பாடகர் பல்லவியை மேற்காலத்தில் பாடுங்கால் விரைவு இரட்டிக்கிறது, சுருதியோ வழுவுவதில்லை. பாடகர் செய்வதனைப் பொறி செய்வது எங்ஙனம்?

கடற்கரை மணலில் அமர்ந்து வலை செப்பனிடுவோரைக் கண்டவர்க்கு இதன் விடை எளிதில் விளங்கும். நீண்ட வலையைக் குறுக்க வேண்டின், அவர்கள் அதன் கண்களை நெருக்கிச் சிறிதாக்குவதில்லை. நடுவே சில வரிசைக் கண்களை அறுத்தெடுத்து, எஞ்சியவற்றைக் கண்ணோடு கண் பொருந்த முடிவார்கள். வலை குறுகும், கண்ணளவு மாறாது. ஒலியும் அத்தகையதே. நொடிக்கு 125 அதிர்வுடைய குரலில் ‘பாடம்’ என்பதன் ஆகாரம் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நீடித்தால், ஏறத்தாழ ஒரே வடிவுடைய அலைகள் 25 அடுத்தடுத்து வருகின்றன. அவற்றுள் பன்னிரண்டை நீக்கினும் ஆகாரம் ஆகாரமாகவே ஒலிக்கும்; சுருதியும் மாறாது.

1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பேர்பேங்க்சு என்பாரும் அவர்தம் துணைவரும் ஒலிநாடாவையும் சுழலும் தலைகளையும் கொண்டு இவ்வாறே துண்டுகளை விலக்கினர். எனினும் அப்பொறி அலை எங்கே முடிகிறது என்று பாராமல் வெட்டியமையால் முடிச்சுகள் கரகரத்தன. 1985இல் ரூக்கோசு, வில்கசு ஆகியோரும், 1993இல் பெல்சியத்தின் வெர்கெல்சுட்டு, ரோலண்டுசு ஆகியோரும் கணிப்பொறிக்கு ஏற்ற முறைகளை வகுத்தனர். இரு துண்டுகளின் அலைகள் மிகப் பொருந்தும் இடத்தைத் தேடி, முன்னது மங்கப் பின்னது ஓங்குமாறு ஒன்றன்மேல் ஒன்றை இழைப்பதே அவற்றின் சாரம். கண்ணோடு கண் முடிதல் என்பது இதுவே.

தமிழுக்கு இம்முறை நன்கு பொருந்துகிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்பது நம் இலக்கணம். அனைத்தும் ஒத்த அளவில் குறுகுமாயின் அவ்விகிதம் கெடாது. ‘படம்’ வேறு, ‘பாடம்’ வேறு என்றே செவி கொள்ளும். இடர் வல்லினத்தில்தான் உண்டு. ககர, தகர, பகரங்களில் அடைபட்ட காற்று வெடிக்கும் கணம் நொடியில் நூறில் சில பங்கே. அது வெட்டுப்பட்டால் சொல்லே மயங்கும். நிறுத்தங்களை மட்டும் நீக்கிவிடலாமே எனின், அதுவும் முற்றிலும் ஏற்புடையதன்று. ‘பல கை’ என்பது ‘பலகை’ ஆகிவிடும். கேட்டதனை மனம் அசைபோடவும் இடமிராது.

இக்கலையால் பெரும்பயன் எய்துவோர் பார்வையற்ற மாணாக்கர். 2006இல் ஆத்திரேலியாவில் தோன்றிய ‘என்விடிஏ’ என்னும் திரைபடிப்பி தமிழ் எழுத்தையும் படித்துக் காட்டும். கண்ணுடையார் ஒரு பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்துத் தமக்கு வேண்டிய வரிக்குத் தாவிவிடுவர். செவியால் படிப்போர்க்கு அவ்வசதி இல்லை. தேர்வுக்கு முன்னாள் முழு நூலையும் மீளக் கேட்க வேண்டுமாயின் விரைவே துணை. இத்தகையோர் தேவையைக் கருதியே, இரு மடங்குக்கும் மேற்பட்ட விரைவில் சொல் சிதையாதிருக்கும் ‘சோனிக்’ என்னும் நிரலைப் பில் காக்சு என்பார் 2010இல் இயற்றினார். பழகப் பழக, பிறர்க்கு வெறும் இரைச்சலாகத் தோன்றும் விரைவிலும் அவர்கள் பொருளுணர்கின்றனர். செய்யுளை இவ்வாறு ஓட்டிக் கேட்பது மட்டும் தகாது. ஓசை கெட்டபின் அதில் எஞ்சுவது யாது?

மெதுவாக ஓட்டுங்கால் வேலை தலைகீழாகும். அலைகளை நீக்குவதற்கு மாறாக, அருகிலுள்ள அலையையே படியெடுத்து இடையிற் செருக வேண்டும். உயிரெழுத்தில் இது தெரியாது. வல்லின வெடிப்பைப் படியெடுத்தாலோ ஒரு ககரம் இரண்டாகத் தட்டும். ஆகலின் நல்ல நிரல்கள் வெடிப்பைத் தொடாமல் விட்டு, அதனைச் சூழ்ந்த உயிரையே நீட்டுகின்றன. அயல்நாட்டிலிருந்து தமிழ் பயில்வோர் ‘கலை’, ‘களை’, ‘கழை’ என்னும் மூன்றையும் பாதி விரைவில் ஓட்டி வேறுபாடு உணர்வது இதனாற்றான்.