தொலைநிலையத் தொடர்பும் செவிப் பயிற்சியும்

உலகின் மறுகோடியிலுள்ள வானொலி நிலையத்துடன் உரையாடுவதற்கு ஆற்றல் மிக்க கருவிகள் இன்றியமையாதன என்று பலர் கருதுகின்றனர். ஆயினும், 100 வாட் ஆற்றலுடைய கருவியையும் எளிய கம்பி ஏரியலையும் கொண்டே அமெச்சூர் வானொலியாளர்கள் பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவை எட்டுகின்றனர். இதற்கு முதற்காரணம் அவர்தம் செவிப் பயிற்சியே ஆகும்.

சிற்றலைகள் தொலைவு செல்வதற்குத் துணை நிற்பது, தரைக்குமேல் ஏறத்தாழ 200 முதல் 400 கிலோமீட்டர் உயரத்திலுள்ள அயனி மண்டல அடுக்காகும். அவ்வடுக்கு அலைகளை வளைத்துப் பூமிக்குத் திருப்புகின்றது. ஒரு தாவலில் அவை சுமார் 4,000 கிலோமீட்டர் வரை செல்லக்கூடும். பகலில் அதற்குக் கீழுள்ள அடுக்கொன்று குறைந்த அதிர்வெண் அலைகளை உறிஞ்சிவிடும். ஆகவே, 7 மெகாஹெர்ட்ஸ் பட்டை பெரும்பாலும் இரவிலும், 21 மெகாஹெர்ட்ஸ் பட்டை பகலிலும் தொலைவுக்கு ஏற்றவை. எப்பட்டை எப்பொழுது திறக்கின்றது என்பதை நாள்தோறும் கேட்டுக் குறித்து வைப்பவரே நன்கறிவர்.

அரியதொரு நிலையம் ஒலிக்கத் தொடங்கியவுடன் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அழைப்பர். எனவே அந்நிலையத்தார் தாம் பேசும் அதிர்வெண்ணில் கேளாமல், பெரும்பாலும் அதற்கு 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் மேலே கேட்பது வழக்கம். இதனையறியாது அவரது அதிர்வெண்ணிலேயே அழைப்போர் பயன் பெறாததுடன் பிறர்க்கும் இடையூறாவர். தேர்ந்தவரோ, சற்றுமுன் விடை கிடைக்கப் பெற்றவர் எவ்விடத்தில் அழைத்தார் என்று தேடியறிந்து, தம் அழைப்புக்குறியை ஒரே முறை முழுமையாகக் கூறி, உடனே செவிசாய்ப்பர். பிறரொருவரின் குறி அழைக்கப்படும்பொழுது வாய் திறவார்.

இத்தகைய பழக்கம் வெறும் பொழுதுபோக்குடன் நின்றுவிடுவதன்று. 2004 டிசம்பரில், ஐதராபாத்தைச் சேர்ந்த தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழுவொன்று, அந்நாளில் போர்ட் பிளேர் என வழங்கிய அந்தமான் தலைநகரிலிருந்து உலகெங்குமுள்ள நிலையங்களுடன் உரையாடி வந்தது. டிசம்பர் 26 அன்று நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தீவுகளைத் தாக்கித் தொலைபேசித் தொடர்பைத் துண்டித்தன. அவ்வேளையில் அதே கருவிகள், தீவிலிருந்தோரின் நலச்செய்திகளைத் தாயகத்திற்குக் கொண்டு சேர்த்தன. பொறுமையுடன் கேட்டு, சுருங்கச் சொல்லி, பிறர்க்கு வழிவிடும் ஒழுக்கம் இடர்க்காலத்தில் எத்துணைப் பயனுடையது என்பதற்கு இதுவே சான்று.

ஒலிபரப்புவதற்கு மத்திய அரசின் உரிமம் வேண்டும். கேட்டுப் பழகுவதற்கோ ஒரு சிற்றலை ஏற்பியும் ஒரு குறிப்பேடும் போதும். ஒரே நிலையம் காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் எவ்வாறு கேட்கின்றது என்று பள்ளி மாணவர் பதிந்து வருவாராயின், அயனி மண்டலத்தின் இயல்பைத் தாமே கண்டறிவர்.