கடன் வாங்குமுன் ஒரு குழி வெட்டிப் பாருங்கள்



"மழை பெய்யத்தான் செஞ்சுது. ஆனா அஞ்சாறு நாள்லயே செடி வாடிப் போச்சு. விதை சரியில்லையோ, உரம் பத்தலையோ தெரியல. இந்தத் தடவை குழுவுல கடன் வாங்கி உரத்தைக் கூடப் போடணும்." மேட்டு நிலத்தில் கடலை போடும் உறுப்பினர்கள் கூட்டத்தில் இப்படிச் சொல்வது நமக்குப் புதிதல்ல. குழுவும் கடன் கொடுக்கிறது. உரம் வாங்கிப் போடுகிறோம். மறுவருஷமும் செடி அதேபோல வாடுகிறது. பயிர் போனாலும் தவணை நிற்பதில்லை.

விதையிலும் உரத்திலும் குறை இல்லை, மண்ணுக்கு அடியில்தான் குறை என்றால் என்ன செய்வது? பல மேட்டு நிலங்களில் ஒரு சாண், ஒன்றரைச் சாண் ஆழத்திலேயே ஒரு கெட்டித் தட்டு இருக்கிறது. மேலே நின்று பார்த்தால் தெரியாது. அதைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

நம் மேட்டு நிலத்து மண்

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கும் மேல் செம்மண்தான். கருங்கல் பாறைகள் பல ஆயிரம் ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் சிதைந்து உண்டான மண் இது. மண்ணில் உள்ள இரும்புச் சத்து துருப்பிடிப்பதால் சிவப்பு நிறம் வருகிறது. நம் வீட்டுக் கடப்பாரை துருப்பிடிப்பது போலத்தான்.

இந்த மண்ணில் மணல் அதிகம், மக்கு குறைவு. தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைவு. மழை பெய்தால் சீக்கிரம் நனையும், சீக்கிரம் காயும். காய்ந்தால் மேலே ஓடு மாதிரி இறுகிவிடும். முளைத்து வரும் விதை அந்த ஓட்டை முட்டித் திறக்க முடியாமல் உள்ளேயே மடங்கிப் போவதைக் களை எடுக்கும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

விஞ்ஞானிகள் மண்ணுக்குப் பெயர் வைப்பது எப்படித் தெரியுமா? மேலே உள்ள நிறத்தை மட்டும் பார்த்து அல்ல. ஆளுயரக் குழி வெட்டி, உள்ளே இறங்கி, அடுக்கடுக்காகப் பார்த்துத்தான் வகை பிரிக்கிறார்கள். உலக மண்ணை எல்லாம் 12 பெரும் பிரிவுகளாகப் பிரிக்கும் முறை ஒன்று உண்டு. மேல்மண்ணில் இருந்த களி மழைநீரோடு இறங்கி அடியில் படிந்திருந்தால் நம் செம்மண்ணை 'ஆல்ஃபிசால்' என்ற பிரிவில் சேர்ப்பார்கள். அப்படிக் களி படியாத இளம் மண்ணாக இருந்தால் வேறு பிரிவு. வெடிப்பு விடும் கரிசலுக்குப் பெயர் 'வெர்டிசால்'. பிறகு உட்பிரிவுகளுக்கு ஊர்ப் பெயரையே வைப்பார்கள். கோவைப் பக்கத்துச் செம்மண் வகை ஒன்றுக்கு இருகூர் என்றே பெயர்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. இரண்டு காடும் மேலே ஒரே சிவப்பாக இருக்கும். அடியில் இரண்டும் வேறு வேறாக இருக்கலாம்.

தட்டு மூன்று வகை

1. உழவுத் தட்டு: வருஷா வருஷம் ஒரே ஆழத்தில் உழுவதாலும், ஈர மண்ணில் டிராக்டர் ஏறி இறங்குவதாலும், கலப்பை போகும் ஆழத்துக்குக் கீழே மண் அமுங்கி இறுகுவது. அரை அடி முதல் முக்கால் அடி ஆழத்தில் இருக்கும். இது நாமே உண்டாக்கியது.

2. களித் தட்டு: மேலிருந்து இறங்கிய களி அடியில் சேர்ந்து அடர்ந்து போவது. ஈரத்தில் பிசுபிசுக்கும், காய்ந்தால் கல்லாகிவிடும். இது இயற்கையாக வருவது.

3. சுண்ணாம்புத் தட்டு: மழை குறைந்த ஊர்களில் மண்ணில் உள்ள சுண்ணாம்பு முழுவதும் கரைந்து வெளியேறாமல் அடியில் தங்கி, கட்டி கட்டியாகவோ பாறை போலவோ ஆகிவிடும். சுக்கான் என்று சொல்கிறோமே, அதுதான்.

தட்டு இருந்தால் நஷ்டம் எவ்வளவு?

நல்ல மணற்பாங்கான மண் ஒரு லிட்டர் அளவு எடுத்தால், காய்ந்த எடை சுமார் ஒன்றரைக் கிலோ இருக்கும். தட்டு மண் அதே அளவு 1.8 கிலோ வரை வரும். அவ்வளவு நெருக்கம். காற்றுக்கும் தண்ணீருக்கும் இடம் இல்லை. வேர் நுழைய வழியில்லை.

இப்போது தண்ணீர்க் கணக்கைப் பார்ப்போம். நம் செம்மண்ணில் ஒரு சாண் ஆழம், பயிர் எடுத்துக்கொள்ளும்படியான ஈரத்தைச் சுமார் 25 மில்லிமீட்டர் பிடித்து வைக்கும். நன்றாக வளர்ந்த கடலைச் செடி நாளொன்றுக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர் வரை குடிக்கும். ஒரு சாணில் தட்டு இருந்தால், மழை விட்ட ஐந்தாறு நாளில் செடி வாடுவது இதனால்தான். வேர் இன்னும் ஒரு சாண் இறங்கினால் மேலும் ஐந்து நாள் தாங்கும். விழுது இறங்கும் சமயத்தில் அந்த ஐந்து நாள்தான் காய் பிடிப்பதையும் பொக்காகப் போவதையும் முடிவு செய்கிறது.

இதையே லிட்டரில் சொன்னால், ஒரு ஏக்கரில் 25 மில்லிமீட்டர் என்பது ஒரு லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் லாரியில் பத்து நடை. அவ்வளவு மழைத் தண்ணீரை நம் நிலமே சேமித்து வைக்க முடியும். தட்டு அதைத் தடுக்கிறது. பெருமழையில் தண்ணீர் தட்டின் மேல் தேங்கி வேரை அழுகச் செய்கிறது, அல்லது மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடுகிறது.

குழி வெட்டிப் பார்ப்பது எப்படி?

2015-ல் தொடங்கிய திட்டத்தில் கிடைக்கும் மண்வள அட்டை நம்மில் பலரிடம் இருக்கிறது. அதில் சத்துகளின் அளவும் உவர், அமிலத் தன்மையும் இருக்கும். மேல் அரை அடி மண்ணை எடுத்துத்தான் அந்தச் சோதனை செய்கிறார்கள். அடியில் தட்டு இருக்கிறதா என்று அட்டை சொல்லாது. நாம்தான் பார்க்க வேண்டும்.

நல்ல மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்து, கூரான இரும்புக் கம்பி ஒன்றைக் காட்டில் பத்து இடங்களில் குத்திப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் முட்டி நின்றால் சந்தேகப்படுங்கள். பிறகு இரண்டடி நீளம், இரண்டடி அகலம், மூன்றடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். காட்டின் நடுவில் ஒன்று, மேட்டுப் பக்கம் ஒன்று இருந்தால் போதும்.

குழியின் சுவரில் என்ன பார்ப்பது?

• கடப்பாரை எந்த ஆழத்தில் 'டங்' என்று நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள்.
• வேரைப் பாருங்கள். பழைய துவரை, பருத்திக் கட்டை இருந்தால் பிடுங்கிப் பாருங்கள். ஆணிவேர் நேரே போகாமல் முழங்கையை மடக்கியது போலத் திரும்பியிருந்தால் அங்கே தட்டு இருக்கிறது.
• தட்டுக் கட்டி ஒன்றைக் காயவைத்து ஒரு பாத்திரத் தண்ணீரில் போடுங்கள். கரைந்து உதிர்ந்தால் அது இறுகிய மண். ஊறியும் கல்லாகவே இருந்தால் அது சுக்கானோ பாறையோ.
• கட்டியின் மேல் எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது.

பார்த்து முடித்ததும் குழியை மூடிவிடுங்கள். பிள்ளைகளும் ஆடுகளும் விழும்.

எதற்கு என்ன வைத்தியம்?

உழவுத் தட்டுக்கும் களித் தட்டுக்கும் உளிக்கலப்பை இருக்கிறது. மண்ணைப் புரட்டாமல் உளி போல ஆழமாகக் கீறிக்கொண்டு போகும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை இது: அரை மீட்டர் இடைவெளியில் ஒரு திசையிலும், பிறகு குறுக்குத் திசையிலும் உழ வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை செய்தால் போதும். ஒன்றரை அடி ஆழம் வரை போக வேண்டும். சரிவான நிலம் என்றால் கடைசி உழவு சரிவுக்குக் குறுக்கே இருக்கட்டும்.

இரண்டு விஷயத்தை மறக்கக் கூடாது. ஒன்று, மண் காய்ந்திருக்கும்போது உழுதால்தான் தட்டு நொறுங்கும். ஈரத்தில் உழுதால் கோடு மட்டும்தான் விழும். இரண்டு, உழுத பிறகு ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழு உரமோ, மக்கிய தென்னை நார்க் கழிவோ போட வேண்டும். மக்கு இல்லாவிட்டால் நொறுங்கிய மண் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். கலப்பை வாடகைக்குக் கடன் வாங்கி, எருவுக்குக் காசில்லாமல் நின்றால் பாதி வேலைதான் ஆகும். கடன் கேட்கும்போதே இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சுக்கான் தட்டு என்றால் உளிக்கலப்பை அதிகம் உதவாது. கெட்டியான சுக்கானில் கலப்பைதான் தேயும். அந்த நிலத்தோடு மல்லுக்கு நிற்காமல் ஒத்துப் போவதே லாபம். கம்பு, கொள்ளு போன்ற வறட்சி தாங்கும் பயிர்கள் வைக்கலாம். மரம் வேண்டுமென்றால் நெல்லி, இலந்தை போல வறட்சியும் சுண்ணாம்பும் தாங்குவதைப் பெரிய குழி எடுத்து நடலாம். மாங்கன்றுக்குக் கடன் வாங்குவதென்றால் முதலில் குழி வெட்டி ஆழம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

குழு என்ன செய்யலாம்?

அரை ஏக்கர் காட்டுக்கு உளிக்கலப்பையோடு டிராக்டர் வருவது கஷ்டம். பக்கத்துப் பக்கத்துக் காடுள்ள ஐந்தாறு உறுப்பினர் சேர்ந்து ஒரே நாளில் வைத்துக்கொண்டால் வரும், வாடகையும் பகிர்ந்துபோகும். வேளாண் பொறியியல் துறை இயந்திரங்களை வாடகைக்குத் தருகிறது. உளிக்கலப்பை உண்டா, மணிக்கு எவ்வளவு என்று கோடையிலேயே கேட்டு வையுங்கள்.

குத்தகைக்கு நிலம் பிடிக்கும் குழுக்கள் பணம் கொடுக்குமுன் குழி வெட்டிப் பாருங்கள். "எதுக்கும்மா குழி வெட்டுறீங்க?" என்று நிலக்காரர் கேட்டால், "வீடு பார்க்கப் போனா உள்ளே போய்ப் பார்க்க மாட்டோமா?" என்று சொல்லுங்கள்.

பயிர்க் கடன் மனு வரும்போது கூட்டத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: "உங்க காட்டுல எத்தனை அடியில தட்டு இருக்கு?" பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். களை எடுப்பதும், கடலை பிடுங்குவதும் நம் கைதான். செடி மட்டும் கையோடு வந்து காய் மண்ணில் தங்கும்போது, மண் இறுகிவிட்டது என்று முதலில் தெரிவதும் நமக்குத்தான். குழி வெட்ட இரண்டு பேருக்கு அரை நாள் ஆகும். கடனைக் கட்டி முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும்.