சிமெண்டுச் சீமையில் ஓர் இருதயப் பரிசோதனை

ஆதிகாலத்துச் சமுத்திரம் படியவிட்டுச் சென்ற சுண்ணாம்புக் கல்லே அரியலூர்ச் சீமையின் செல்வம். அதைத் தோண்டி, அரைத்து, சூளையிலிட்டுச் சிமெண்டாக்கித்தான் தமிழ்நாடெங்கும் மாடி வீடுகளை எழுப்பியிருக்கிறோம். ஆயினும், இந்தியாவின் வளமிக்க மாநிலங்களுள் முன்வரிசையில் நிற்கும் இந்நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனித மேம்பாட்டு அறிக்கையில், அன்றிருந்த 32 மாவட்டங்களுள் கடைசி இடம் அரியலூருக்கே கிடைத்தது. மானாவாரி மக்காச்சோளத்தையும் பருத்தியையும் நம்பிய அண்டைப் பெரம்பலூருக்கு டயர்த் தொழிற்சாலையும் காலணித் தொழிற்சாலையும் வந்திருக்கின்றன. தொழில் வளரட்டும், ஆனால் ஐசுவரியம் பெருகும் இடத்தில் மேலோர், கீழோர் என்ற இடைவெளியும் பெருகினால், அது மனித சரீரத்தை என்ன செய்யும்?

இலண்டனில் அரசாங்க உத்தியோகத்திலிருந்த சுமார் 18,000 ஆடவரை 1967 முதல் தொடர்ந்து ஆராய்ந்த வைத்திய விஞ்ஞானிகள், கடைநிலை ஊழியரிடையே இருதய நோயால் நேரும் மரணம் உயர்பதவியினரைக் காட்டிலும் ஏறத்தாழ மும்மடங்காக இருக்கக் கண்டார்கள். அவர்களில் பட்டினி கிடந்தவர் எவருமில்லை. வைத்தியமும் யாவருக்கும் இலவசம். புகைபிடித்தல், இரத்த அழுத்தம் முதலிய காரணங்களைக் கழித்த பின்னும் வித்தியாசத்தின் பெரும்பகுதி எஞ்சி நின்றது. தன் வேலையின் போக்கைத் தான் நிர்ணயிக்க இயலாதவனுக்கு மனக்கலக்கம் ஓய்வதில்லை என்றும், அக்கலக்கத்தில் இடையறாது சுரக்கும் கார்டிசால் போன்ற நீர்கள் நாளடைவில் இரத்தக் குழாய்களைக் கெடுக்கின்றன என்றும் மைக்கேல் மார்மட் முதலியோர் விளக்கினர். 2009-இல் ஆராய்ச்சியாளர்களான வில்கின்சனும் பிக்கெட்டும் செல்வ நாடுகளை ஒப்பிட்டு, வருமான இடைவெளி மிகுந்த அமெரிக்காவில் கொலையும் மனநோயும் மிகுந்தும், இடைவெளி குறைந்த ஜப்பானில் அவை குறைந்தும் இருப்பதைக் காட்டினார்கள். நாடுகளைத் தேர்ந்த முறையைச் சில பொருளாதார அறிஞர்கள் ஆட்சேபித்ததுண்டு. இலண்டன் ஆராய்ச்சியை அந்த ஆட்சேபம் தொடுவதில்லை.

இனி அரியலூர்ச் சிமெண்டு ஆலை வாயிலில் விடியற்காலையில் நின்று பாருங்கள். வேலை நிரந்தரமானவர் அடையாள அட்டையோடு நிமிர்ந்து உள்ளே செல்கிறார். காண்டிராக்ட் தொழிலாளியோ, நாளைக்கும் வேலை உண்டா என்பதை மேஸ்திரியின் முகக்குறிப்பிலே தேடுகிறார். இருவர்மீதும் படியும் தூசு ஒன்றே. அத்தேடல் மட்டும் ஒருவருக்கே உரியது. அதையும் தொழில் நோயாகவே கருதவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

2022-இல் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. நிரந்தரத் தொழிலாளரையும் காண்டிராக்ட் தொழிலாளரையும் தனித்தனியே கணக்கிட்டு, அவர்களுடைய இரத்த அழுத்தத்தையும் இருதய நலத்தையும் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராயும் பணியை அக்கல்லூரியினர் மேற்கொள்ள வேண்டுமென்றும், ஆலை நிர்வாகங்கள் அதற்குத் தங்கள் வாயிலைத் திறந்துவிட வேண்டுமென்றும் கேட்டுக்கொள்கிறேன்.