இரண்டு டன் எடையைத் தூக்குவது எது? மோட்டாரா, எண்ணெயா?

தென்காசி மாவட்டத்தில், சிவகிரிக்கு அருகே உள்ள ஊர் ராயகிரி. மேற்கே மலை. சுற்றிலும் வயலும் தோப்பும். அந்த வட்டாரத்துச் சாலைகளில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு.

பாரம் ஏற்றிய லாரி. டயர் பஞ்சர். ஒல்லியான ஓர் ஆள் வருகிறார். லாரிக்கு அடியில் ஒரு ஜாக்கியை வைக்கிறார். கம்பியை மேலும் கீழும் அசைக்கிறார். லாரி மெல்ல எழும்புகிறது!

யானை தள்ள வேண்டிய பாரத்தை ஓர் ஆள் எப்படித் தூக்கினார்? தூக்கியது அவர் அல்ல. ஜாக்கிக்குள் இருக்கும் எண்ணெய்!

எண்ணெயின் சூட்சுமம்

அடைத்து வைத்த எண்ணெயை ஓர் இடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவும். பிரான்சு நாட்டு அறிஞர் பாஸ்கல் 17-ம் நூற்றாண்டிலேயே இதை விளக்கினார். 1795-ல் இங்கிலாந்தில் பிராமா என்பவர் இதைக் கொண்டு அழுத்து இயந்திரம் செய்து உரிமை பெற்றார்.

சிறிய குழாயில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் 40 கிலோ அழுத்துங்கள். பக்கத்தில் உள்ள பெரிய குழாயின் பரப்பு 50 சதுர சென்டிமீட்டர் என்றால், அங்கே 2,000 கிலோ எழும்பும். ஆனால் இனாமாக எதுவும் கிடைக்காது. பெரியது ஒரு சென்டிமீட்டர் உயர, சிறியது 50 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். அதனால்தான் ஜாக்கிக் கம்பியைப் பலமுறை அசைக்கிறார்கள்.

கைக்குப் பதில் மோட்டார்; கம்பிக்குப் பதில் பம்பு. எண்ணெய்த் தொட்டியும் வால்வுகளும் சேர்ந்தால் அதுதான் "பவர் பேக்". லாரிப் பட்டறையிலும் ஆலையிலும் பாரம் தூக்க இது உதவுகிறது. டிப்பர் லாரியில் மட்டும் மின்சார மோட்டார் கிடையாது. லாரியின் என்ஜினே பம்பைச் சுற்றும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

ராயகிரியில் ஒருவர் லாரியில் மூட்டை ஏற்ற மேடை அமைப்பதாக வைத்துக்கொள்வோம். கடைக்குப் போனதும் அவர், "எத்தனை குதிரை சக்தி மோட்டார்?" என்று கேட்பார். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் தெரிய வேண்டியவை மூன்று.

ஒன்று, எடை. 75 கிலோ மூட்டைகள் 20. அவை 1,500 கிலோ. மேடை 500 கிலோ. ஆக 2,000 கிலோ. மேடையின் எடையைக் கணக்கில் சேர்க்க மறக்கக் கூடாது!

இரண்டு, உயரம். லாரியின் தளம் வரை 120 சென்டிமீட்டர் என்று கொள்வோம்.

மூன்று, நேரம். அரை நிமிடம் போதும்.

மேடைக்கு நேர் கீழே 8 சென்டிமீட்டர் கனமுள்ள சிலிண்டர் தண்டு ஒன்று. அதன் பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர். ஆகவே சதுர சென்டிமீட்டருக்கு 40 கிலோ அழுத்தம் தேவை. தண்டு 120 சென்டிமீட்டர் உயர 6 லிட்டர் எண்ணெய் வேண்டும். அரை நிமிடத்தில் 6 லிட்டர் என்றால், நிமிடத்துக்கு 12 லிட்டர் தரும் பம்பு வேண்டும்.

இப்போது மோட்டார். கணக்குப்படி ஒரு குதிரை சக்திக்குச் சற்று அதிகம். பம்பிலும் குழாயிலும் வீணாவதைச் சேர்த்து 2 குதிரை சக்தி மோட்டார் போதும்.

மோட்டாரை மட்டும் பெரிதாக்கினால் அதிக எடை தூக்குமா? தூக்காது! காசுதான் வீண். பாதி நேரத்தில் தூக்க வேண்டுமானால் பம்பும் இரு மடங்கு, மோட்டாரும் இரு மடங்கு ஆக வேண்டும். அவசரத்துக்கு விலை உண்டு.

தொட்டியில் 6 லிட்டர் போன பிறகும் பம்பு மூழ்கும் அளவுக்கு எண்ணெய் நிற்க வேண்டும். தூசி பறக்கும் இடத்தில் வடிகட்டி அவசியம்.

லண்டன் பாலம்

லண்டனில் டவர் பாலம் 1894-ல் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து எழும்பும். ஒவ்வொரு பாதியும் 1,000 டன்னுக்கு மேல். அந்தக் காலத்தில் நீராவி என்ஜின்கள் தண்ணீரை அழுத்திச் சேமித்து வைத்து அதைத் தூக்கின. 1976 முதல் எண்ணெயும் மின்சாரமும் அந்த வேலையைச் செய்கின்றன. பாதிகளின் மறுமுனையில் எதிர்ப்பாரம் இருப்பதால் வேலை எளிதாகிறது.

உயிர் காக்கும் வால்வுகள்

பாரம் மேலே நிற்கிறது. திடீரென்று கரண்ட் போகிறது. அல்லது ரப்பர் குழாய் வெடிக்கிறது. கீழே ஓர் ஆள் நிற்கிறார். அவர் கதி?

கார் டயரில் உள்ள அழுத்தத்தைப் போல் இருபது மடங்கு அந்தக் குழாயில் இருக்கிறது. குழாய் வெடித்தால் கண் இமைக்கும் நேரத்தில் மேடை விழும். ஆகவே சிலிண்டரோடு ஒட்டியே ஒரு வால்வு வேண்டும். எண்ணெய் வேகமாக வெளியேற முயன்றால் அது தானே அடைத்துக்கொள்ளும். கரண்ட் போனாலும் எண்ணெய் திரும்பாமல் தடுக்க ஒரு வால்வு. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால் எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பிவிட ஒரு வால்வு. கையால் மெல்ல இறக்க ஒரு திருகு. விலை பேசும்போது சிலர் முதலில் குறைக்கச் சொல்வது இவற்றைத்தான்!

எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். பார்க்கச் சிறு காயம். கையையே இழக்க நேரிடும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசிவைச் சோதிக்க ஓர் அட்டையைக் காட்டினால் போதும்.

எல்லா வால்வும் இருந்தாலும், தூக்கிய பாரத்துக்கு அடியில் வேலை செய்ய வேண்டுமானால் இரும்பு முட்டுக் கொடுத்த பிறகே போக வேண்டும். ஜாக்கி வைத்த லாரிக்கும் இதுவே விதி.

தூக்குவது எண்ணெயின் வேலை. தாங்குவது முட்டின் வேலை. இதை மறக்காதவர் மாலையில் பத்திரமாக வீடு திரும்புவார்.