குறைமாதக் குழந்தை வளருதா? எடை மட்டும் பார்த்தால் போதாது!

‘இன்னைக்கு எத்தனை கிராம் ஏறியிருக்கு?’ பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவின் (என்.ஐ.சி.யு) வாசலில் காத்திருக்கும் பெற்றோர் தினமும் கேட்கும் கேள்வி இது. ஆனால், குழந்தை சரியாக வளர்கிறதா என்பதற்கு எடை மட்டும் பதில் சொல்லாது. நீளம், தலைச் சுற்றளவு இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கவனம்?

37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறப்பவை குறைமாதக் குழந்தைகள். 2020-ல் உலகம் முழுவதும் சுமார் 1.34 கோடி குழந்தைகள் இப்படிப் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கணக்கிட்டுள்ளன. அதில் சுமார் 30 லட்சம் இந்தியாவில்! கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் மூளை வேகமாக வளரும். இந்தக் குழந்தைகளுக்கு அந்த வளர்ச்சி இன்குபேட்டருக்குள் நடந்தாக வேண்டும்.

எடை ஏறினா நல்லதுதானே?

எப்போதும் அப்படிச் சொல்ல முடியாது. உடம்பில் நீர் கோத்தாலும் எடை ஏறும். கொழுப்பு மட்டும் கூடினாலும் ஏறும். எலும்பும் தசையும் சேர்ந்து வளர்வதை நீளம்தான் காட்டும். மூளை வளர்ச்சியைத் தலைச் சுற்றளவு காட்டும். அதுவே திடீரென வேகமாகக் கூடினால், மூளையில் நீர் சேர்கிறதா என்று டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள்.

எவ்வளவு வளரணும்?

பிறந்த முதல் சில நாள்களில் எடை குறைவது இயல்பு. அதன்பிறகு, ஒரு கிலோ எடைக்குத் தினமும் 15 முதல் 20 கிராம் ஏறுவது பொதுவான இலக்கு. 1.2 கிலோ குழந்தை என்றால் 18 முதல் 24 கிராம். நீளம் வாரத்துக்கு சுமார் 1 செ.மீ., தலைச் சுற்றளவு 0.5 முதல் 1 செ.மீ. கூட வேண்டும்.

சிக்கல் எங்கே?

இந்த எண்கள் ரொம்பச் சின்னவை. நனைந்த டயப்பரோடு எடை போட்டால், ஒருநாள் வளர்ச்சியைவிட அதிக கிராம் கூடுதலாகத் தெரியலாம். கால் மடங்கியிருக்கும்போது டேப் வைத்து அளந்தால், 1 செ.மீ. தவறிப்போகும். அதாவது, ஒரு வார வளர்ச்சியே கணக்கில் காணாமல் போய்விடும்.

நீளம் அளக்க இரண்டு பேர் வேண்டும். வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தையை அசைக்கத் தயக்கம் வேறு. வேலை நெருக்கடியில், ‘அடுத்த வாரம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போவது இந்த அளவுதான்.

எப்படிச் சரிசெய்யலாம்?

* எடை: அதே தராசு, அதே நேரம், உடையும் டயப்பரும் இல்லாமல். கையில் ஊசி அசையாமலிருக்கக் கட்டிய அட்டை இருந்தால், அதையும் குறித்துவைக்க வேண்டும்.
* நீளம்: டேப் வேண்டாம், அளவுப் பலகை வேண்டும். ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை மெதுவாக நேராக்கி அளக்க வேண்டும்.
* தலை: இழுபடாத டேப். புருவத்துக்கு மேலே, பின்தலை அதிகம் புடைத்திருக்கும் இடம் வழியாகச் சுற்ற வேண்டும்.
* நாள்: நீளத்துக்கும் தலைக்கும் வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள். எத்தனை குழந்தைகளுக்கு மூன்று அளவும் எடுக்கப்பட்டன என்று மாதாமாதம் எண்ணிப் பார்த்தால், எங்கே விடுபடுகிறது என்பது தெரிந்துவிடும்.

அளந்தால் மட்டும் போதாது, வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைக்கணும். குறைமாதக் குழந்தைகளுக்கு ஃபென்டன், இன்டர்குரோத்-21 எனத் தனி வரைபடங்கள் உள்ளன. இன்டர்குரோத் ஆய்வு நடந்த 8 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இங்கே அது நாக்பூரில் நடந்தது. கோடு கீழே சரிவது முன்கூட்டியே தெரிந்தால், தாய்ப்பாலோடு சேர்க்கும் சத்தைக் கூட்டுவது போன்ற மாற்றங்களை உடனே செய்யலாம்.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

‘எடை எவ்வளவு’ என்பதோடு, ‘நீளமும் தலைச் சுற்றளவும் வரைபடத்தில் எங்கே இருக்கு?’ என்றும் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் மூன்று அளவும் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்தபிறகும் 2 வயது வரை, முன்கூட்டிப் பிறந்த காலத்தைக் கழித்துத்தான் வயதைக் கணக்கிட வேண்டும். 2 மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு 6 மாதம் ஆகியிருந்தால், 4 மாதக் குழந்தையின் வளர்ச்சியோடு ஒப்பிடுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு வேண்டாம்!