நிலைநிற்கும் போர்



போர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளக்கண்முன் எழும் காட்சி யாது? பகைவர் நாட்டை நோக்கிப் பாய்ந்து செல்லும் படையும், வெற்றி முரசமும், வாகை மாலையுமே அல்லவா? கிறிஸ்தவ சமயத்தின் ஆதி நூல்களிலும் ஒரு போர் பேசப்படுகின்றது. அதில் தளவாடங்கள் உண்டு, பகைவன் உண்டு, காயமும் உண்டு. ஆயின், அந்தப் போரில் வீரனுக்கு இடப்படும் கட்டளை 'பாய்க' என்பதன்று; 'நிற்க' என்பதே. இஃது ஏன் என்பதைச் சிறிது விளக்கிக் கூறுவதே இப்பேச்சின் நோக்கம். கிறிஸ்தவரல்லாத மாணவரும் இதனை ஓர் இலக்கியச் செய்தியாகவும், உளநூற் செய்தியாகவும் கேட்டுப் பயன் கொள்ளலாம்.

புதிய ஏற்பாட்டில் எபேசியருக்கு எழுதிய நிருபம் என்று ஒரு சிறு நூல் உளது. பவுல் அப்போஸ்தலரின் பெயரால் வழங்குவது அது. எழுதியவர் தம்மைச் சங்கிலியால் கட்டுண்டவர் என்றே அதில் குறிப்பிடுகிறார். அப்போஸ்தலர் நடபடிகள் என்னும் நூலின் இறுதிப் பகுதி, பவுல் உரோமை நகரில் இரண்டாண்டுக் காலம் வாடகை வீட்டில், ஒரு போர்வீரனின் காவலில் இருந்ததைக் கூறுகின்றது. இரவும் பகலும் உரோமை வீரனொருவனை அருகிருந்து பார்க்கும் வாய்ப்புப் பெற்றவர், அவ்வீரனின் கச்சையையும் கவசத்தையும் கேடகத்தையும் உவமையாக்கியதில் வியப்பென்ன?

நிருபத்தைப் பெற்ற நகரத்தையும் நாம் நினைக்க வேண்டும். இன்றைய துருக்கி நாட்டின் மேற்குப் பகுதியில் பாழடைந்து கிடக்கும் எபேசு, அக்காலத்தில் உரோமப் பேரரசின் பெருநகரங்களுள் ஒன்று. அங்கிருந்த ஆர்த்தெமிசு தேவியின் கோயில், பண்டை உலக அதிசயங்கள் ஏழனுள் ஒன்றாக எண்ணப்பட்டது. மந்திர வித்தைக்கும் அந்நகர் பெயர் பெற்றது. மனம் மாறியவர்கள் தம் மந்திர நூல்களைக் கொணர்ந்து எல்லார் முன்பாகவும் எரித்தனர் என்றும், அவற்றின் விலை ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு என்றும் நடபடிகள் கூறும். கண்ணுக்குப் புலனாகாத ஆற்றல்களை எண்ணி எண்ணி அஞ்சி வாழ்ந்த மக்களுக்கே இந்நிருபம் எழுதப்பட்டது என்பதை மறவாதீர்கள்.

அவர்களுக்குப் பவுல் கூறும் முதற்செய்தி, நம் போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அன்று என்பது. அஃதாவது, மனிதர் எவரும் நம் பகைவர் அல்லர். இக்கருத்தே இப்போரின் அடிப்படை. இதனை மறந்தோர் சமயத்தின் பெயரால் வாளெடுத்து வரலாற்றில் இழைத்த தீங்குகள் பல. 1099-ஆம் ஆண்டில் எருசலேமைக் கைப்பற்றிய சிலுவைப் போர் வீரர் அந்நகர மக்களைக் கொன்று குவித்தமை அவற்றுள் ஒன்று. அவர்கள் தம்மைக் கிறிஸ்துவின் படை என்றே எண்ணினர். பகைவன் இன்னான் என்பதில் பிழைபட்டோரின் கையில் வாள் கூர்மையாக இருக்குந்தோறும் கேடும் மிகுதியாகும்.

அப்படியாயின் பகைவன் யார்? சாத்தான் என்னும் எபிரேயச் சொல்லுக்கு எதிராளி என்பது பொருள். பிசாசு என்று தமிழ் வேதாகமம் மொழிபெயர்க்கும் கிரேக்கச் சொல்லுக்கோ, அவதூறு கூறுபவன், குற்றஞ்சாட்டுபவன் என்பது பொருள். இப்பெயர்களிலிருந்தே அவனுடைய போர்முறை விளங்கும். அவன் முதலில் வாளை வீசுவதில்லை, பேசுகிறான். 'நீ எதற்கும் தகுதியற்றவன்' என்று ஒருநாளும், 'உன்னைப்போல் தகுதியுடையவர் வேறு யார்' என்று மற்றொரு நாளும் பேசுகிறான். முதற்பேச்சு மனச்சோர்வில் வீழ்த்துகின்றது. இரண்டாவது செருக்கில் வீழ்த்துகின்றது.

இனிக் கட்டளைக்கு வருவோம். அப்பகுதியின் நான்கே வசனங்களுக்குள், நிற்றல் என்னும் பொருள்படும் சொல் மூலமொழியில் நான்கு முறை வருகின்றது. ஒருமுறை 'எதிர்த்து நிற்றல்' என்றும், ஏனைய மூன்று முறை 'நிற்றல்' என்றும் அது நிற்கின்றது. தமிழ் பயிலும் மாணவர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். நம் புறப்பொருள் இலக்கணத்தில் உழிஞை என்பது மதிலை முற்றுகையிடுவோர் திணை. நொச்சி என்பது மதிலை உள்ளிருந்து காப்போர் திணை. பவுல் கூறும் போர் உழிஞைப் போர் அன்று, நொச்சிப் போர். கைப்பற்ற வேண்டிய நகரம் எதுவும் இல்லை. கொடுக்கப்பட்ட நகரத்தைக் கைவிடாது காப்பதே கடமை. வெற்றி ஏற்கெனவே கிறிஸ்துவினால் பெறப்பட்டது என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. ஆகவே வீரன் வெற்றியைத் தேடிச் செல்வதில்லை. வெற்றியின் மேல் நிற்கிறான்.

போர்க்கலங்கள் ஆறு. சத்தியம் கச்சை; நீதி மார்க்கவசம்; சமாதானத்தின் நற்செய்தி பாதரட்சை; விசுவாசம் கேடகம்; இரட்சிப்பு தலைச்சீரா; இறைவசனம் பட்டயம். இவற்றுட் பல, பவுலுக்குப் பன்னூறாண்டு முற்பட்ட ஏசாயா தீர்க்கதரிசியின் நூலிலேயே உள்ளன. அங்கு நீதியை மார்க்கவசமாகவும் இரட்சிப்பைத் தலைச்சீராவாகவும் அணிந்துகொள்பவர் கடவுளே. அப்படியெனில், இக்கவசம் மனிதன் தன் முயற்சியால் வார்த்துக்கொண்டது அன்று. தகப்பனின் சட்டையை அணிந்துகொள்ளும் குழந்தைபோல, இறைவனின் கவசத்தை மனிதன் அணிந்துகொள்கிறான் என்பது பெறப்படும்.

எல்லாவற்றையும் விரித்துரைக்க நேரம் இடந்தராது. இரண்டை மட்டும் நோக்குவோம். கச்சை என்பது இடையைக் கட்டும் வார். தொளதொளத்த உடையோடு எவனும் போரிட இயலாது. சத்தியத்தைக் கச்சையாக வைத்ததன் நுட்பம் என்ன? உள்ளொன்றும் புறமொன்றுமாக வாழ்பவன், தன் பொய்யின் நுனியில் தானே கால் தடுக்கி விழுவான். பகைவன் தள்ள வேண்டுவதில்லை.

அடுத்தது கேடகம். பவுல் ஆளும் கிரேக்கச் சொல், கதவு என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. கையகலப் பரிசையன்று, ஆளை மறைக்கும் பெருங்கேடகம். மெல்லிய மரப்பட்டிகளை அடுக்கடுக்காக ஒட்டி, வளைத்து, மேலே தோல் போர்த்துச் செய்யப்பட்டது அது. சிரியாவில் யூப்ரடீசு ஆற்றங்கரையிலுள்ள தூரா-யூரோபசு என்னும் பாழ்நகரை அகழ்ந்தபோது கிடைத்த மூன்றாம் நூற்றாண்டுக் கேடகமொன்று, இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் உள்ளது. அதன் உயரம் ஏறத்தாழ மூன்றரை அடி. உரோமை வீரர் இத்தகைய கேடகங்களைப் பக்கத்திலும் தலைக்கு மேலும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து, ஆமையோடுபோல் அமைத்து முன்னேறுவர். ஒருவன் கேடகம் அயலானையும் காத்தது. பவுலின் கட்டளைகளும் ஒருமையில் இல்லை, பன்மையில் உள்ளன. 'நில்' என்று அவர் கூறவில்லை. 'நில்லுங்கள்' என்றே கூறினார். தனித்து நிற்பவனுக்கு மட்டும் உரியதன்று இக்கவசம்.

இந்தப் போரைத் தன் வாழ்விலே போராடி, பின் கதையாகவும் எழுதியவர் ஆங்கில நாட்டு ஜான் பனியன். 1628-ஆம் ஆண்டு பெட்போர்டு நகருக்கு அருகே பிறந்தவர். ஓட்டைப் பாத்திரங்களைப் பழுதுபார்ப்பது குடும்பத் தொழில். இளமையில் உள்நாட்டுப் போரின்போது பாராளுமன்றப் படையில் பணிபுரிந்தவராதலின், கோட்டையும் காவலும் எத்தகையன என்பதை நேரில் அறிந்தவர். பின்னர் அவர் உள்ளத்தில் எழுந்த போரோ அதனினும் கொடியது. கிறிஸ்துவை விற்றுவிடு என்னும் எண்ணம் நாட்கணக்கில், உண்ணும்போதும் உறங்கும்போதும் தம்மைத் துரத்தியதையும், ஒருநாள் களைத்துப்போய் அதற்கு இசைந்துவிட்டதாக எண்ணி நெடுங்காலம் நம்பிக்கை இழந்து தவித்ததையும், 1666-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் அவர் மறைக்காமல் எழுதியுள்ளார்.

1660-இல், அரசுத் திருச்சபையின் முறைக்குப் புறம்பாகக் கூட்டம் நடத்தினார் என்று சிறைப்படுத்தப்பட்டார். இனிப் பிரசங்கம் செய்வதில்லை என்று ஒரு சொல் கூறியிருப்பின் விடுதலை கிடைத்திருக்கும். அவர் கூறவில்லை. மூத்த மகள் மேரி பார்வையற்றவள். அக்குழந்தையை நினைக்குந்தோறும் தம் நெஞ்சம் பிளந்தது என்பதை அவர் எழுதியுள்ளார். காலணிக் கயிறுகளுக்குக் குஞ்சம் கட்டி, அந்தக் கூலியைக் குடும்பத்துக்கு அனுப்பினார். பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து, 1672-இல்தான் வெளியே வந்தார். நிற்றல் என்றால் இதுதான், மாணவர்களே! முரசும் இல்லை, முழக்கமும் இல்லை, கையில் நூற்கயிறு, மனத்தில் ஒரு மகளின் முகம்.

1678-இல் வெளிவந்த அவருடைய 'மோட்ச பிரயாணம்' உலகறிந்த நூல். அதில் கிறிஸ்தியான் என்னும் பயணி, தாழ்மைப் பள்ளத்தாக்கில் அப்பொல்லியோன் என்னும் பகைவனை எதிர்கொள்கிறான். திரும்பி ஓடலாமா என்று எண்ணுகிறான், ஆனால் முதுகுக்குக் கவசம் இல்லை என்பது நினைவுக்கு வருகின்றது, நிற்கிறான். பகைவன் முதலில் பேசுகிறான். பழைய கூலியை உயர்த்துவதாக ஆசை காட்டுகிறான். பின் பயணியின் பழைய தவறுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறான். கிறிஸ்தியான் அவற்றை மறுக்கவில்லை. அவை உண்மை, இன்னும் பல உண்டு, ஆயினும் என் அரசர் மன்னிக்கும் இயல்புடையவர் என்கிறான். குற்றச்சாட்டுக்கு இதனினும் வலிய விடை இல்லை. அடுத்த பள்ளத்தாக்கிலோ வாளுக்கு வேலையில்லை. அங்குப் பயணி எடுக்கும் கருவி ஜெபம் ஒன்றே.

1682-இல் அவர் எழுதிய 'பரிசுத்த யுத்தம்' இன்னும் வெளிப்படையான நொச்சிக் கதை. மனித ஆன்மா ஒரு நகரம்; அதற்குச் செவி, கண், வாய், மூக்கு, மெய் என ஐந்து வாயில்கள். உள்ளே இருப்போர் இசைந்தாலன்றி அவ்வாயில்களை எவரும் வெளியிலிருந்து திறக்கவியலாது. உட்பகை என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் வழிவந்த நமக்கு இக்கருத்தின் ஆழத்தை எடுத்துரைக்க வேண்டுமோ?

மோட்ச பிரயாணத்தைத் தழுவித் திருநெல்வேலிச் சீமையின் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, 1894-இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை வெளியிட்டார். வைணவ மரபில் வளர்ந்து, கம்பனில் தோய்ந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர் அவர். பெட்போர்டுச் சிறைக் கைதியின் அனுபவம் கம்பனின் விருத்த நடையில் நம் மொழிக்கு வந்து சேர்ந்தது.

இறுதியாக, என் தோல்வி ஒன்றைக் கூற அனுமதியுங்கள். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியொன்றில், வருகை நாட்கள் போதாத மாணவன் ஒருவனைப் பொதுத் தேர்வுக்கு அனுப்பும்படி, செல்வாக்குடைய அவன் உறவினர் ஒருவர் வற்புறுத்தினார். பதிவேட்டில் சில நாட்களைத் திருத்தினால் போதும் என்றார். நான் மறுத்தேன். மேலிடத்துக்கு மனுக்கள் பறந்தன, நான் அசையவில்லை. நிலைநின்றேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மறு ஆண்டு அம்மாணவன் மீண்டும் சேர்ந்து படிக்க விரும்பி, என் அறை வாயிலில் வந்து நின்றான். அவன் முகத்தில் நான் கண்டது அவனையன்று, அவன் உறவினரை. சுடுசொற்கள் சில கூறினேன். அவன் தலைகுனிந்து சென்றான்; பின் அவன் எப்பள்ளிக்கும் திரும்பவில்லை என்று கேள்வியுற்றேன். பதிவேட்டைக் காத்தேன், மாணவனைக் காத்தேனில்லை.

நீதியின் மார்க்கவசம் என் மார்பில் இருந்தது. சமாதானத்தின் பாதரட்சையை நான் அணியவில்லை. பகைவன் முன்வாயிலில் தோற்று, செருக்கு என்னும் பின்வாயிலால் நகருக்குள் நுழைந்துவிட்டான், திறந்துவிட்டவன் நானே. போர்க்கலங்களுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து மற்றவற்றை விட்டுவிடாமல், சர்வாயுதத்தையும் தரித்துக்கொள்ள வேண்டும் என்று பவுல் ஏன் கூறினார் என்பது எனக்கு அன்று விளங்கிற்று.

மாணவர்களே! உங்களுக்கும் இப்போர் உண்டு. தேர்வு மண்டபத்தில் அடுத்தவன் தாளை நோக்கும் கண்வாயிலில் அது நிகழ்கின்றது. இல்லாதான் ஒருவனைப் பற்றிய இழிமொழியைக் கேட்டு மகிழும் செவிவாயிலில் நிகழ்கின்றது. தோல்வியுற்ற இரவில், இனி எதற்கு வாழ்வு என்று பேசும் அந்தக் குரலில் நிகழ்கின்றது. அக்குரல் கேட்கும்போது தனித்திராதீர்கள், பெற்றோரையோ ஆசிரியரையோ நண்பரையோ அழையுங்கள், கேடகங்கள் ஒன்றுசேரட்டும். தவற்றை எதிர்த்து உறுதியாய் நில்லுங்கள். ஆனால் தவறு செய்தவனுக்கு உங்கள் வாயிலைத் திறந்தே வையுங்கள். நின்ற பின்னும் நிற்பவனே வீரன்.